நாயனத்துக்கு அப்பா எழுதிய சொற்கள்

நான் எழுதிப் பழகாதவள். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினாலே மேலே சொன்னதைக் கீழேயும் சொல்லிவைப்பேன். அதனால் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் உண்டு. சில முகங்கள் சுத்தமாகப் போய்விட்டன, சத்தம் மட்டும் இருக்கிறது.

நம் வயதுக்காரிகள் ஆளுக்கொன்று எழுதித் தர வேண்டும், சங்கீதம் மனசுக்குச் சமாதானம் கொடுப்பதைப் பற்றி எழுதுங்கள் என்று போதகரம்மா கேட்டார்கள். கூட்டத்தில் எழுந்து மாட்டேன் என்று சொல்லக்கூட எனக்குக் கூச்சம். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அது சமாதானம் கொடுத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தச் சமாதானம் போனதையும் பார்த்தேன். எனக்கு இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வருகிறது.

அம்பாசமுத்திரத்துக்கும் முக்கூடலுக்கும் நடுவில் ஓர் ஆற்றங்கரை ஊர். அப்பா அங்கே உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடத்துவார், மற்ற நாட்களில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பார். பாட்டுக் கட்டுவதும் உண்டு. சபையில் யாருக்காவது கல்யாணம் என்றால் அப்பா ஒரு கீர்த்தனை எழுதித் தருவார். சீமை ராஜா பட்டம் கட்டிக்கொண்டதற்காகப் பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்தார்களே, அந்த வருஷமோ அதற்கு அடுத்ததோ, ஐப்பசி மழை விட்டதும் அத்தை வந்து சேர்ந்தாள்.

அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. வெள்ளைக்கார அம்மாமார் நடத்திய ரேந்தைப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். ரேந்தை என்றால் லேஸ்தான், அப்போது எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அந்த வருஷம் வந்த வாந்திபேதியில் மாமாவும் போனார், மடியில் இருந்த பெண் குழந்தையும் போனது. மாமனார் அவளை வண்டியில் ஏற்றி எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வண்டியிலிருந்து இறங்கும்போது ரேந்தை பின்னும் உருட்டுத் தலையணையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தாள். அம்மா வாங்கப் போனபோது விடவில்லை. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

அத்தை அழவே இல்லை. அதுதான் எல்லாருக்கும் பயமாக இருந்தது. சாப்பிட மாட்டாள், தூங்க மாட்டாள், பேச மாட்டாள். கை மட்டும் ஓயாது. சேலைக் கரையிலிருந்து ஒவ்வொரு நூலாக உருவிக்கொண்டே இருப்பாள். ஒரு வாரத்துக்குள் முந்தானைப் பக்கம் கரையே இல்லாமல் போயிற்று. அவள் உட்கார்ந்து எழுந்த இடத்தில் நூல் குவியலாகக் கிடக்கும். நான்தான் கூட்டி அள்ளுவேன்.

கார்த்திகையில் அவள் மாமனார் ஒருநாள் வந்து பார்த்தார். தை முடிவதற்குள் சரியாகாவிட்டால் பட்டணத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டுவிடலாம், பாளையங்கோட்டையில் கம்பவுண்டரிடம் பேசியாயிற்று என்றார்.

"கொண்டுபோயி சங்கிலியில கட்டிப்போடவா?" என்றார் அப்பா.

"உம்ம தங்கச்சிதானவே. எனக்கு என்ன, ஆசையா?" என்று சொல்லிவிட்டு மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் மகன் செத்திருக்கிறான். அதை யாரும் அப்போது நினைக்கவில்லை.

மார்கழி பிறந்த அன்றோ மறுநாளோ நாயனம் கேட்டது.

எங்கள் வீட்டுக்கு மேற்கே ஆறு வளைகிற இடத்தில் ஒரு கல்மண்டபம் இருந்தது. தைப்பூசத்துக்குச் சாமி வந்து இறங்கும் மண்டபம். அந்த வருஷத்துத் திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து ஒரு நாயனக்காரர் வந்திருந்தார். விடிகிற நேரத்தில் மண்டபத்தில் நின்று சாதகம் செய்வார். ஒத்து ஊத அவர் தம்பி. மேளம் கிடையாது. ஆற்றுப் பனி இன்னும் கலைந்திருக்காது. முதலில் ஒரே சத்தம், நீளமாக, நகராமல் நிற்கும். அப்புறம் பைய ஒரு படி இறங்கும். இறங்கின இடத்தில் கொஞ்சம் ஆடும். ஏறப்போவது போல் வந்து, ஏறாமல், வேறு பக்கமாக வளைந்து போகும். பாட்டு என்று சொல்ல முடியாது. ராகம் மட்டும் வாசித்தார். எங்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

நான் அடுப்புக்கு ஓலை எடுக்கப் போனவள், அத்தையைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டேன். அவள் கை சும்மா இருந்தது. மடியில் இரண்டும் மல்லாந்து கிடந்தன, தூங்கும் பிள்ளையின் கை மாதிரி.

நாயனம் நின்றதும் விரல் மறுபடி கரையைத் தேடிப் போயிற்று.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் அவள் தலையணையை எடுத்துச் சன்னலோரம் வைத்துக்கொண்டாள். ரேந்தை பின்னுவது எப்படி என்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஓட்டை போட்ட ஓர் அட்டையைத் தலையணைமேல் வைத்து, ஓட்டைகளில் குண்டூசி நட்டு, நூல் சுற்றிய குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பின்ன வேண்டும். அட்டை சொல்கிற பூதான் வரும். அத்தை அந்த அட்டையைப் பிய்த்து என்னிடம் நீட்டினாள். வெறும் தலையணையில் ஊசி நட ஆரம்பித்தாள்.

அன்றுமுதல் நாயனம் எப்படிப் போகிறதோ அப்படிப் பின்னல் போயிற்று. சத்தம் அசையாமல் நிற்கும்போது நூல்களைப் பின்னாமல் நீளமாக ஓடவிடுவாள். சத்தம் ஆடும்போது இரண்டு குச்சிகளை முறுக்குவாள். அவர் வேகமாக உருட்டினால் குச்சிகளும் சடசடவென்று உருளும். அவர் மூச்சு வாங்கினால் இவள் ஓர் ஊசி நடுவாள். பூவும் இல்லை, இலையும் இல்லை. கல்லைச் சுற்றிக்கொண்டு ஆற்றுத் தண்ணீர் போகுமே, அந்த மாதிரி ஒரு பட்டை இறங்கிக்கொண்டே வந்தது. நான் அதற்குமுன் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. இந்த வயது வரைக்கும் பார்த்ததில்லை.

ஒருநாள் அவள், "மதினி, கஞ்சி இருக்கா?" என்று கேட்டாள். அம்மா ஓடிப்போய்க் கஞ்சியும் துவையலும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அடுப்படியில் போய் அழுதாள்.

"துவையல்ல உப்பு இல்லையே மதினி."

"நீ பேசினதுல நான் உப்பை மறந்துட்டேன் தாயி" என்றாள் அம்மா உள்ளேயிருந்து. அத்தை சிரித்த மாதிரி இருந்தது.

இப்படியே விட்டிருந்தால் என்று நினைப்பேன். ஆனால் எங்கள் தெருவில் எதையும் அப்படியே விடுகிற வழக்கம் இல்லை. சபை மூப்பர் ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் வைத்து அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"வே உபதேசியாரே, உம்ம தங்கச்சி ஆராதனையில கண்ணை மூடிக்கிட்டு ஆடி விழுதா. கோயில் நாயனத்துக்கு மட்டும் கோழிக்கு முந்தி எந்திரிச்சிருதாளாமே?"

"அவளுக்கு அது மருந்தாட்டம் இருக்குவே."

"நல்ல மருந்து. நாளைக்குத் திருநீறும் மருந்துதான்னு சொல்லுவா. அப்ப என்ன செய்வீரு?"

அப்பா கோபக்காரர் இல்லை. சன்னலை அடைக்கச் சொல்லவில்லை, அத்தையைத் திட்டவும் இல்லை. யோசித்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒருநாள் விடியுமுன் என்னையும் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். நாயனக்காரர் குளிருக்குத் தலையில் துண்டு கட்டியிருந்தார். நாயனத்தின் நுனிச் சீவாளியை வாயில் வைத்து ஈரமாக்கிக்கொண்டே அப்பா சொன்னதையெல்லாம் கேட்டார்.

"உங்க தங்கச்சிக்காகவா வாசிச்சேன்?" என்றார். "நான் மீனுக்குத்தான் வாசிக்கேன்னு நினைச்சேன்."

"உம்ம வாசிப்புதான் அவளை நிறுத்தி வச்சிருக்கு. அந்த மெட்டை நான் எடுத்துக்கிடலாமா? நம்ம ஆண்டவர் பேரைச் சொல்லி ஒரு பாட்டு எழுதணும். நீரு ஊரை விட்டுப் போனாலும் அவகிட்ட அது இருக்கும்லா?"

நாயனக்காரருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "ஏலே தம்பி, கேட்டியா? நம்ம நாயனம் சர்ச்சுக்குள்ளயும் போகுதுலே!" என்று தம்பியைத் தட்டினார். அதில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வளைவை அப்பாவுக்காகப் பிரித்துப் பிரித்து வாசித்துக் காட்டினார். எந்த எழுத்தை நீட்டினால் உட்காரும் என்றுகூடச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு பேரும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு இப்போதும் தெரிகிறது. எங்கள் தெருவில் பாதிப் பாட்டு அப்படிப் பிறந்ததுதான். தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வரப்பில் பாடிக்கொண்டே வந்தார்.

ஆண்டவரே பேசுகிற மாதிரி அந்தப் பாட்டு இப்படி ஆரம்பிக்கும்:

அழாதே மகளே, உன் அரும்பைக்
கொய்தது நானல்லவோ – என்
தோட்டத்தில் அது மலரும்.

அம்மா கேட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மூப்பர்கூட, "இது பாட்டுவே!" என்றார். அத்தைக்குத் தெரியாமல் வைத்திருந்து, தையில் அறுப்பின் பண்டிகை ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து பாட வேண்டும் என்று ஏற்பாடு. சிறுபிள்ளைகளான எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குள் மாமனார் வந்தாலும் அவர் காதும் கேட்கட்டும் என்று அப்பா சொன்னார்.

பண்டிகையன்று எங்கள் சபைக் கோயிலுக்குள் புது நெல் வாசனை. வாழைத்தாரும் பூசணிக்காயும் முன்னால் அடுக்கியிருந்தது. பெண்கள் பக்கம் பாயில் அத்தை பக்கத்தில் நான். அப்பா முதல் வரியை வார்த்தை இல்லாமல் இழுத்தார். அத்தை சடக்கென்று நிமிர்ந்தாள். கண் விரிந்து, வாய் லேசாகத் திறந்து, யாரோ தெரிந்தவர் வாசலில் வந்து நிற்கிற மாதிரி ஒரு முகம். அதை நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்திருப்பார்.

பிறகு சபை முழுக்கப் பாடியது.

அத்தை முகம் மாறவில்லை. விரிந்த கண் அப்படியே இருந்தது, அவள் மட்டும் அதிலிருந்து போய்விட்டாள். என் பாவாடை ஓரத்தை அவள் விரல் பிடித்தது. பாட்டு முடிவதற்குள் ஒரு விரற்கடை அளவுக்குத் தையலை உருவிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார். "எப்படி இருந்தது?"

"அண்ணாச்சி, அதுக்கு ஏன் வாய் வச்சிய?" என்றாள்.

அப்பாவுக்கு விளங்கவில்லை. எனக்கும்தான். மறுநாள் விடியலில் நாயனம் வழக்கம்போல வந்தது. அத்தை தலையணை முன்னால் உட்கார்ந்தாள், குச்சிகளைக் கையில் எடுத்தாள், ஒன்றும் செய்யவில்லை.

"என்னம்மா?" என்றாள் அம்மா.

"பேசுது மதினி. முந்தி அது எங்கிட்ட ஒண்ணும் கேக்காம சும்மா இருந்துச்சி. இப்ப அழாதே அழாதேங்குது. நான் எங்க அழுதேன்? பிள்ளையை எடுத்தது நான்தான்னு சொல்லுது. காலையிலேயே வந்து சொல்லுது."

காதில் வைக்கப் பஞ்சு கேட்டாள்.

அப்பா மண்டபத்துக்கு ஓடினார். வேறு ராகம் வாசிக்கச் சொன்னார். பாவம், நாயனக்காரர் என்னென்னவோ வாசித்துப் பார்த்தார். பிரயோசனம் இல்லை. நாயனம் என்று ஒன்று கேட்டாலே அத்தை காதுக்கு அந்த வார்த்தைதான். திருவிழா முடிந்து அவர் ஊருக்குப் போனார். போகிற அன்று எங்கள் தெரு முனையில் வந்து நின்று, உள்ளே வராமல், கைகூப்பிவிட்டுப் போனார்.

நாயனம் போனாலும் பாட்டு போகவில்லை. நெல் குத்துகிறவர்கள் பாடினார்கள். மாடு மேய்க்கிற பையன்கள் பாடினார்கள். பக்கத்துச் சபைக்காரர்கள் வந்து கற்றுக்கொண்டு போனார்கள். சாவு வீட்டில் பாடினார்கள், தொட்டிலுக்கும் பாடினார்கள். அப்பா ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று, இனி அந்தப் பாட்டு வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

"பாட்டைக் கட்டினவரே பாடாதேன்னா எப்படிவே?" என்று மூப்பர் சிரித்தார். "அது சபையோடது. உம்மது இல்ல." சபையும் சிரித்தது. அப்பா அடக்கத்தில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அத்தை மறுபடி சாப்பாட்டை விட்டாள். மாமனார் வரும் நாள் நெருங்கியது.

அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி கடற்கரையில் கத்தோலிக்க வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். சுரூபம் என்று சிலை வைத்துக் கும்பிடுகிறவர்கள் என்று எங்கள் ஆட்கள் அவளை ஒதுக்கித்தான் வைத்திருந்தோம். அத்தைக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டு, கருவாட்டுப் பெட்டியோடு வந்து நின்றாள் அந்தச் சித்தி. வந்தவளிடம் அத்தை பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"உங்க ஊர்ல எங்க அண்ணாச்சி பாட்டுப் பாடுவாங்களா?"

"பாடினா பங்குச் சாமியார் உரிச்சிருவாரு!" என்றாள் சித்தி. "அங்கன பூசைக்கெல்லாம் லத்தீனு. நல்லாத்தான் பாடுவாவ. என்ன பாடுதாவன்னு ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

அத்தை எழுந்து போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

உபதேசியார் வீட்டுப் பெண் கத்தோலிக்க ஊருக்குப் போய்த் தங்குவது அந்தக் காலத்தில் எப்பேர்ப்பட்ட காரியம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா, அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பா வண்டிக்காரனைக் கூப்பிடப் போனார். தலையணையைத் துணியில் சுற்றி வண்டியில் வைத்ததும் அவர்தான்.

பின்னி முடியாத அந்த ரேந்தைப் பட்டையை அத்தை விட்டுவிட்டுப் போய்விட்டாள். தலையணையிலிருந்து ஊசியெல்லாம் பிடுங்கி அதைக் கழற்றியிருந்தாள். அம்மா அதை மடித்துத் தகரப் பெட்டியில் வைத்தாள். ஆனால் முடிச்சுப் போடாத ரேந்தை ஊசி இல்லாமல் நிற்காது. எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். கடைசியில் பெட்டியில் வெறும் நூல்தான் இருந்தது, நெளிநெளியாக.

அத்தை வேதம் மாறிப்போனாள், மீன் தின்னப் போனாள், யாரோ கூப்பிட்டுப் போனாள் என்று ஊர் சொன்னது. தேடி வந்த மாமனாரிடமும் அவள் கடற்கரைக்குப் போனதைச் சொல்லி அப்பா அனுப்பிவிட்டார். அவரைத் தண்ணீர் இல்லாத ஒரு மேட்டுக்காட்டுச் சபைக்கு மாற்றினார்கள். அங்கேயும் அந்தப் பாட்டைப் பாடித்தான் எங்களை வரவேற்றார்கள்.

ஒருமுறை அப்பா என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். கோயிலில் பூசை நடந்துகொண்டிருந்தது. அப்பா உள்ளே வரமாட்டார். வெயிலில் குடையை விரித்துக்கொண்டு சுவரோரம் நின்றோம். உள்ளேயிருந்து பாட்டு வந்தது, ஒரே குரலாக, நீளமாக, இறங்கி, நின்று, மறுபடி ஏறி. நாயனம் மாதிரி இல்லை. ஆனால் அதுவும் எதையும் கேட்காமல் போய்க்கொண்டிருந்தது. அப்பா குடைக்கம்பைப் பிடித்தபடி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அத்தை வெளியே வந்தாள். கறுத்து, உடம்பு தேறியிருந்தாள். சேலைக் கரை முழுசாக இருந்தது. பீடத்துக்கு விரிக்க ரேந்தை பின்னுவதாகச் சொன்னாள், அட்டை இல்லாமல்தான்.

"வீட்டுக்கு வந்துரு தாயி" என்றார் அப்பா.

"இங்கன என்ன பாடுதாவன்னு எனக்குத் தெரியாது அண்ணாச்சி. அதனாலதான் தூங்குதேன்."

"நான் உனக்கு ஆறுதலாத்தான் எழுதினேன்."

"தெரியும். பாட்டு நல்ல பாட்டுதான். எனக்குத்தான் ஆகல" என்றாள். பிறகு அப்பாவின் குடையை வாங்கி மடக்கிக்கொண்டு, "வாங்க, சோறு தின்னுட்டுப் போகலாம். மீன் திம்பிய, அதுல வேதம் இல்ல" என்று முன்னால் நடந்தாள்.

அப்பா அதன்பிறகு பாட்டு எழுதவில்லை. அவர் இறந்தபோது போதகர் எந்தப் பாட்டு என்று கேட்கவே இல்லை. எல்லாரும் அதையே பாடினார்கள். நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து, வார்த்தைக்கு அடியில் அந்த நாயனம் கேட்கிறதா என்று பார்த்தேன். ஆற்றுப் பனி தெரிந்தது, அத்தையின் கை தெரிந்தது. சத்தம் வரவில்லை. வார்த்தைதான் வந்தது. அன்றுமுதல் எத்தனையோ தரம் முயன்று பார்த்துவிட்டேன். எங்கேயாவது கல்யாண வீட்டில் நாயனம் கேட்டால்கூட அழாதே மகளே என்றுதான் எனக்கும் கேட்கிறது. அத்தை சொன்னது எனக்கு விளங்கியபோது நானும் ஒரு பிள்ளையைப் புதைத்திருந்தேன்.

அச்சுப் புத்தகத்தில் அந்தப் பாட்டுக்கு மேலே பிலகரி ராகம் என்று போட்டிருக்கிறது. எனக்கு அது சந்தேகம். மண்டபம் ஆற்றின் எந்த வளைவில் இருந்தது, அந்த வருஷம் எது என்பதிலும் நிச்சயமில்லை. உங்களில் அந்தக் கரையில் பிறந்தவர்கள், அந்த மார்கழியில் அந்த நாயனத்தைக் கேட்டும் எங்கள் சபைப் பாட்டைக் கேட்காதவர்கள் யாராவது இன்னும் இருந்தால் நான் எழுதியதைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். முடிந்தால் ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள். பாட வேண்டாம். வாயை மூடிக்கொண்டு, அது எப்படிப் போகும் என்று முனகிக் காட்டினால் போதும்.